பழைய கிரேக்கமும் புதிய விந்தைக் கதைகளும்

விந்தைக் கதைகளையும் படக்கதைகளையும் விரும்பிப் படிப்பவர்கள் உங்களுள் பலர் என்பதை நான் அறிவேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் காலங்கழித்தவனுக்கு, பாடநூலின் நடுவே வேறொரு நூல் செருகியிருப்பது மாணவனின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பூகோளப் பாடத்தை எவனும் அவ்வாறு கண்ணிமைக்காமல் படிப்பதில்லை!

அந்த நூல்களைக் குறை கூறுவதற்காக நான் இன்று வரவில்லை. அவற்றின் குலமுறையை எடுத்துச் சொல்லவே வந்திருக்கிறேன். மிதிலையில் சனகனுக்கு இராமனை அறிமுகம் செய்யும் இடத்தில், அவன் பிறந்த குலத்தின் வரலாற்றைக் கூறுவதற்கென்றே கம்பர் ஒரு படலம் வகுத்தார். மின்னலென ஓடுபவன், மலையைப் பெயர்ப்பவன், கண்ணுக்குப் புலனாகாமல் திரிபவன் என்று நீங்கள் கண்டு மகிழும் கதைத் தலைவர்களுக்கும் ஒரு குலமுறை உண்டு. அவர்களுள் பலருடைய பாட்டனார் வாழ்ந்த இடம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கிரேக்க நாடும் உரோமப் பேரரசும் ஆகும்.

முன்னோரிடம் பெறுவதில் இருவகை உண்டு. பாட்டனாரின் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது ஒருவகை. பாட்டனார் விடை காணாமல் விட்டுச்சென்ற வழக்கைத் தானும் எடுத்து நடத்துவது மற்றொரு வகை. பழைய கிரேக்கக் கதைகளிலிருந்து பெயரை வாங்கியவர்கள் மிகப் பலர். அக்கதைகள் எழுப்பிய கேள்வியை வாங்கியவர்கள் சிலரே. இவ்விருவரையும் வேறுபடுத்திக் காணப் பழகிவிட்டால், ஒரு படக்கதையைப் படிப்பதிலும் அறிவுக்கு வேலை உண்டு என்பதை நீங்களே உணர்வீர்கள்.

பெயர் வாங்கியவர்களை விரைவாகப் பார்த்துவிடுவோம். 1940-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படக்கதை ஒன்றில் கேப்டன் மார்வெல் என்னும் வீரன் தோன்றினான். சிறுவன் ஒருவன் 'ஷஸாம்' என்று உச்சரித்த மாத்திரத்தில் அவ்வீரனாக மாறிவிடுவான். அது மந்திரச் சொல் போலத் தோன்றினும், உண்மையில் ஆறு பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த மாலையே. சாலமன், ஹெர்குலிஸ், அட்லஸ், சீயஸ், அக்கிலிஸ், மெர்க்குரி என்பன அப்பெயர்கள். சாலமன் ஒருவரைத் தவிர ஏனையோர் கிரேக்க உரோமக் கதைமாந்தர். ஒருவரிடமிருந்து வலிமை, ஒருவரிடமிருந்து வேகம் என்று கடையில் மளிகைச் சாமான் வாங்குவது போல வாங்கியிருக்கிறார்கள். அதே ஆண்டில் பிளாஷ் என்னும் ஓட்ட வீரன், தேவ தூதனாகிய மெர்க்குரியின் சிறகுத் தலைக்கவசத்தை எடுத்து அணிந்துகொண்டான். இவற்றில் குற்றமில்லை, ஆழமும் இல்லை. விஞ்ஞானிகளும் இந்த ஆசைக்கு விலக்கானவர் அல்லர். சந்திரனுக்கு மனிதனை அனுப்பும் திட்டத்துக்கு அமெரிக்கர் 1960-இல் அப்பாலோ என்று பெயர் சூட்டினர். அப்பாலோ சூரியனோடு சேர்த்து எண்ணப்பட்ட தேவன். சந்திரனுக்குரியவளோ அவனுடன் பிறந்த இரட்டையாகிய ஆர்ட்டெமிஸ். அவளுக்குரிய மரியாதை மிகவும் காலந்தாழ்ந்து, 2022-இல் ஆளில்லாமல் சந்திரனைச் சுற்றி வந்த பயணத்தின்போதுதான் கிடைத்தது.

இனி, கேள்வியை வாங்கியவர்களிடம் வருவோம். இதற்கு நான் தேர்ந்துகொண்டது கைஜிஸின் மோதிரக் கதை.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்துப் பிளேட்டோ எழுதிய 'குடியரசு' என்னும் நூலின் இரண்டாம் பகுதியில் இக்கதை வருகிறது. லிடியா என்பது இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த நாடு. அந்நாட்டு அரசனுடைய ஆடுகளை மேய்த்துவந்தான் ஓர் இடையன். ஒருநாள் பெருமழை கொட்டிற்று, நிலம் அதிர்ந்தது, அவன் நின்ற இடத்தருகே தரை பிளந்தது. வியப்போடு அப்பிளவினுள் இறங்கியவன், உள்ளீடற்ற வெண்கலக் குதிரை ஒன்றைக் கண்டான். அதன் உடலில் சிறு கதவுகள் இருந்தன. எட்டிப் பார்த்தபோது, மனித அளவினும் பெரிய பிணம் ஒன்று உள்ளே கிடந்தது. அதன் கையில் ஒரு பொன் மோதிரம் தவிர வேறொன்றும் இல்லை. மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு மேலேறிவிட்டான்.

மந்தையின் நிலையை அரசனுக்குத் தெரிவிப்பதற்காக இடையர் மாதந்தோறும் கூடுவது வழக்கம். அக்கூட்டத்தில் அமர்ந்திருந்தவன், மோதிரத்தின் முகப்பைத் தற்செயலாக உள்ளங்கைப் பக்கம் திருப்பினான். உடனே அருகிலிருந்தோர், அவன் எழுந்து போய்விட்டவனைப் போல அவனைப் பற்றிப் பேசத் தொடங்கினர். முகப்பை வெளிப்பக்கம் திருப்பினான்; மீண்டும் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தான். பலமுறை சோதித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டான். அதன்பின் அரசனிடம் செல்லும் தூதருள் தானும் ஒருவனாகச் சேர்ந்து, அரண்மனை புகுந்து, அரசியைத் தன்வசமாக்கி, அரசனைக் கொன்று, ஆட்சியைக் கைப்பற்றினான். ஆடு மேய்த்தவன் அரியணை ஏறுவதற்கு ஒரு மோதிரத் திருகல் போதுமானதாயிற்று.

இக்கதையைச் சொல்பவர் பிளேட்டோவின் தமையனாராகிய கிளாக்கான். சொல்லிவிட்டு அவர் சாக்ரட்டீஸை மடக்குகிறார். இத்தகைய மோதிரங்கள் இரண்டு இருப்பதாகக் கொள்வோம். ஒன்றை நல்லவனுக்கும் மற்றொன்றைத் தீயவனுக்கும் கொடுப்போம். இருவரும் ஒரே வழியில்தான் செல்வார்கள். மனிதன் நேர்மையாக நடப்பது நேர்மையை விரும்பியன்று. பிறர் பார்க்கிறார்களே என்னும் அச்சத்தால்தான். இது கிளாக்கானின் வாதம். இதற்கு விடை சொல்லிமுடிக்கச் சாக்ரட்டீஸுக்கு அந்நூலின் எஞ்சிய பகுதி முழுவதும் வேண்டியிருந்தது. அநீதி செய்பவன் பிறருக்குச் செய்யும் தீங்கினும் தன் உள்ளத்துக்குச் செய்துகொள்ளும் தீங்கே பெரிது. ஆதலின், மோதிரம் கையிலிருந்தாலும் இல்லாவிட்டாலும் நேர்மையே மனிதனுக்கு நலம் என்பது அவர் விடையின் சாரம்.

கிரேக்கருக்கு மறைந்து திரிதல் புதிய கற்பனையன்று. பாதாளத்துக்கு இறைவனாகிய ஹேடீஸின் குல்லாயை அணிந்தவர் எவர் கண்ணுக்கும் புலப்படார். பெர்சியூஸ் என்னும் வீரன் அதனை அணிந்துதான் மெடுசாவின் தலையைக் கொய்துவிட்டுத் தப்பினான். ஆனால் அந்தக் குல்லாய் வெறுங் கருவி. பிளேட்டோவின் மோதிரமோ மனிதனைச் சோதிக்கும் உரைகல். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இப்போது பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குச் செல்வோம். சஸெக்ஸ் வட்டாரத்தில் அப்பார்க் என்னும் மாளிகையில், வீட்டு நிருவாகியாகப் பணிபுரிந்த பெண்மணி ஒருவர் இருந்தார். அவருடைய மகன் அம்மாளிகையின் நூலகத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தான். அவற்றுள் பிளேட்டோவின் 'குடியரசு' ஒன்று. அச்சிறுவன்தான் பிற்காலத்தில் புகழ்பெற்ற எச். ஜி. வெல்ஸ். இச்செய்தியைத் தம் தன்வரலாற்றில் அவரே கூறியிருக்கிறார். 1897-இல் அவர் வெளியிட்ட 'கண்ணுக்குப் புலனாகாத மனிதன்' என்னும் நாவலைப் படிப்போர், பிளேட்டோவின் இடையனை நினையாதிருத்தல் அரிது.

ஆனால் வெல்ஸ் மோதிரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. மந்திரம் இருந்த இடத்தில் பௌதிகத்தை வைத்தார். கண்ணாடியைத் தூளாக்கினால் வெண்மையாகத் தெரிகிறது. அத்தூளை நீரிலிட்டால் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் புகும்போது ஒளி மிகுதியாக வளைகிறது. நீரிலிருந்து புகும்போது அவ்வளவு வளைவதில்லை. ஒளி வளைவதும் சிதறுவதும் குறையக் குறையப் பொருள் கண்ணுக்கு மறைகிறது. மனித உடலின் ஒளிவிலகல் தன்மையைக் காற்றின் அளவுக்கே குறைத்துவிட்டால், உடல் காற்றோடு காற்றாகிவிடும் அல்லவா? வெல்ஸின் கதைத் தலைவனாகிய கிரிஃபின் இதைத்தான் செய்கிறான். ரஷ்ய அறிவியல் எழுத்தாளர் பெரெல்மான் இதில் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார். விழித்திரையும் ஒளியைத் தடுக்காத பொருளாகிவிட்டால் அதில் பிம்பம் விழாது. ஆகவே பிறர் கண்ணுக்குத் தெரியாதவன் தானும் குருடனாவான். விஞ்ஞான மாணவர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. லிடியாவின் இடையனுக்கு ஓர் இடையூறும் நேரவில்லை. உடையோடு சேர்ந்தே மறைந்தான். கிரிஃபினுக்கோ உடல் மட்டுமே மறையும், உடை மறையாது. ஆகவே இலண்டன் நகரத்துக் குளிரில் ஆடையின்றி நடக்கவேண்டியவனாகிறான். உண்ட உணவு செரிக்கும்வரை வயிற்றில் வெளியே தெரிகிறது. சேற்றில் பதிந்த கால்கள் அவனைக் காட்டிக்கொடுக்கின்றன. நாய்கள் மோப்பம் பிடிக்கின்றன. பனி பெய்தால் அது அவன்மேல் படிந்து உருவம் எழுதிவிடும். தெருவில் செல்வோர் அவன்மேல் மோதுகிறார்கள். இல்லாத ஒருவனுக்கு யார் வழிவிடுவார்கள்? எல்லாவற்றையும் அடையலாம் என்று எண்ணியவன், எதையும் வைத்துக்கொள்ள முடியாதவனாக, உடலெங்கும் துணி சுற்றிக்கொண்டு ஒரு கிராமத்து விடுதியில் ஒளிகிறான். அந்நிலையிலும் அச்சத்தால் நாட்டை ஆளவேண்டும் என்னும் வெறி அவனை விடவில்லை. முடிவில் மக்கள் சூழ்ந்து அடிக்க, மாண்ட பிறகே அவனுடல் மெல்ல மெல்லக் கண்ணுக்குப் புலனாகிறது.

சாக்ரட்டீஸ் பல பகுதிகளில் தருக்கத்தால் நிறுவியதை வெல்ஸ் ஒரு சிறு நாவலில் குளிராலும் பசியாலும் தனிமையாலும் காட்டிவிட்டார். கேள்வியை வாங்குவது என்று நான் சொன்னது இதைத்தான்.

வழக்கு அத்துடன் முடியவில்லை. 1962-இல் 'வேலியண்ட்' என்னும் ஆங்கிலச் சிறுவர் வார இதழில் ஒரு தொடர் தொடங்கிற்று. விபத்தில் ஒரு கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட ஆய்வுக்கூட உதவியாளன் ஒருவன். மின்சாரம் தாக்கும்போதெல்லாம் அவன் உடல் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் மறையாமல் அந்தரத்தில் நிற்கும். அவன் யார் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் உடனே விடை வரும். சிவகாசியிலிருந்து 1972-இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். அந்த இதழை வாடகைக்கு எடுத்துப் படித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். மறையும் ஆற்றல் கிடைத்ததும் மாயாவி முதலில் என்ன செய்தான் என்பதைக் கவனித்தீர்களா? குற்றச் செயல்களிலேயே இறங்கினான். பின்வந்த கதைகளில்தான் திருந்தி, உளவுத்துறையில் சேர்ந்து, நாடு காக்கும் வீரனானான். கிளாக்கான் சொன்ன தீய வழியையும் சாக்ரட்டீஸ் சொன்ன நல்வழியையும் ஒரே மனிதன் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து பார்த்திருக்கிறான். படக்கதையை எழுதியவர் பிளேட்டோவை நினைத்தாரோ இல்லையோ, கேள்வி தானாகவே அவர் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

பத்தாம் வகுப்பில் இம்மோதிரக் கதையைச் சொல்லி, உங்களுக்கு இது கிடைத்தால் முதல்நாள் என்ன செய்வீர்கள் என்று எழுதித் தரச் சொல்வது என் வழக்கம். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே விடைகள்தாம் வரும். சீட்டு வாங்காமல் சினிமாவுக்குப் போவேன் என்பான் ஒருவன். தேர்வுத் தாளை முன்னதாகப் பார்ப்பேன் என்பான் மற்றொருவன், தலைமையாசிரியருக்கே எழுதுகிறோம் என்னும் கூச்சம் சிறிதுமின்றி! ஓராண்டு ஒரு மாணவி வேறுவிதமாக எழுதியிருந்தாள். நூலகம் மூடும்வரை அமர்ந்து படித்துவிட்டு, இருட்டிய பிறகு தனியே வீட்டுக்கு நடந்துபோவேன் என்பது அவள் விடை. அவ்வளவே எழுதியிருந்தாள். பிறரை ஏமாற்றுவதற்காகவே மனிதன் மறைய விரும்புவான் என்று கிளாக்கான் எண்ணினார். அவர் ஏதென்ஸ் நகரத்துச் செல்வர் குடியில் பிறந்த ஆண்மகன். பிறர் பார்வையினின்றும் தப்பினால்தான் தெருவில் நடக்க முடியும் என்னும் நிலையில் இருப்போரை அவர் கணக்கில் எடுக்கவில்லை. பிளேட்டோவின் உரையாசிரியர் பலரிடம் காணாத ஒரு விளக்கத்தை அன்று நான் அச்சிறு தாளில் கண்டேன்.

முகத்தையும் பெயரையும் மறைத்துக்கொண்டு கைப்பேசியில் பிறரை வசைபாடும் வசதி இன்று பலருக்கு வாய்த்திருக்கிறது. மோதிரம் மலிந்துவிட்டது என்பதற்கு மேல் அதைப்பற்றி நான் சொல்வதற்கில்லை.

மோதிரத்திலேயே நெடுநேரம் நின்றுவிட்டோம். அடுத்து, நெருப்பைக் காண்போம். தேவர்களிடமிருந்து நெருப்பைத் திருடி மனிதருக்குக் கொடுத்தவன் புரோமித்தியூஸ். அதற்குத் தண்டனையாகப் பாறையில் பிணிக்கப்பட்டான். கழுகு அவன் ஈரலைக் கொத்தித் தின்றது. தின்னத் தின்ன அது வளர்ந்தது. களிமண்ணையும் நீரையும் குழைத்து மனிதனைப் படைத்தவனே அவன்தான் என்னும் வேறொரு வழக்கை உரோமக் கவிஞர் ஓவிட் குறித்திருக்கிறார். 1816-ஆம் ஆண்டின் கோடையில், ஜெனீவா ஏரிக்கரையில், பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி ஒரு கதை எழுதத் தொடங்கினாள். 1818-இல் அது 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்னும் பெயரில் வெளிவந்தது. அதன் துணைத் தலைப்பு 'புதுக்காலப் புரோமித்தியூஸ்' என்பது. எழுதியவர் மேரி ஷெல்லி.

ஃபிராங்கன்ஸ்டைன் என்றவுடன் தையல் போட்ட நெற்றியுடைய பூதம் ஒன்று உங்கள் நினைவுக்கு வரும். அது திரைப்படங்கள் செய்த குழப்பம். அப்பெயர் படைத்தவனுடையது, படைக்கப்பட்டவனுக்கு நூலில் பெயரே இல்லை. அன்றியும், சினிமாவில் உறுமிக்கொண்டு திரியும் அந்தப் படைப்பு, நூலில் நன்றாகப் பேசுகிறது, படிக்கிறது. காட்டில் கண்டெடுத்த மூன்று நூல்களைக் கொண்டு அது கல்வி பெறுகிறது. அவற்றுள் ஒன்று கிரேக்க உரோமப் பெருமக்களின் வாழ்க்கையைக் கூறும் புளுட்டார்க்கின் நூல். பழம்பெரும் நாகரிகங்களின் சான்றோரைப் படித்து அறிந்த ஓர் உயிரை, அதன் முகம் அழகாயில்லை என்பதற்காகப் படைத்தவனே விட்டு ஓடுகிறான்.

பழைய புரோமித்தியூஸ் மனிதருக்காகப் பாறையில் கிடந்து வருந்தினான். புதுக்காலப் புரோமித்தியூஸோ தான் செய்த பொருள் கண்விழித்த அன்றே அறையைவிட்டு வெளியேறினான். துணைத் தலைப்பின் கூர்மை இவ்வேற்றுமையில் இருக்கிறது என்பது என் கருத்து. அறிவைத் தேடியது விக்டர் ஃபிராங்கன்ஸ்டைனின் குற்றமன்று. தேடிக் கண்டதற்குப் பொறுப்பேற்காததே குற்றம். தாமே கற்றுக்கொள்ளும் இயந்திரங்களை மனிதர் செய்யத் தொடங்கிவிட்ட இக்காலத்தில், அந்நூலை மீண்டும் எடுத்துப் படிப்போர் பெருகியிருப்பது வியப்பன்று.

சில வேளைகளில், வாங்கிய கதையைத் தலைகீழாகத் திருப்புவதும் உண்டு. அமேசான்கள் என்னும் பெண் வீரர் கூட்டத்தைப் பற்றிக் கிரேக்கர் பல கதைகள் சொன்னார்கள். எல்லாவற்றிலும் முடிவு ஒன்றே: கிரேக்க வீரன் ஒருவன் அவர்களை வெல்வான். ஹெராக்கிளிஸ் அவர்களுடைய அரசியின் இடைக்கச்சையைக் கவர்ந்தான். அக்கிலிஸ் மற்றோர் அரசியைப் போரில் கொன்றான். 1941-இல் மார்ஸ்டன் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் 'வொண்டர் உமன்' என்னும் படக்கதைத் தலைவியைப் படைத்தபோது, இதே கதையை அமேசான்களின் பக்கம் நின்று சொன்னார். அவர் கதையில் ஹெர்குலிஸ் வஞ்சகன். நட்புப் பாராட்டி ஏமாற்றிக் கச்சையைக் கவர்ந்து பெண்களைச் சிறைப்படுத்தியவன். அவர்கள் விடுதலை பெற்றுத் தனித் தீவில் வாழ்கிறார்கள். பட்ட அடிமைத்தனத்தை மறவாதிருக்கக் கையில் காப்பு அணிந்திருக்கிறார்கள். துப்பாக்கிக் குண்டுகளைத் தடுக்கும் அந்தக் காப்பை வெறும் அணிகலன் என்று எண்ணிப் படித்த சிறுவர்கள் எத்தனை பேரோ! கேள்வியை வாங்கியதோடு, கேட்பவர் யார் என்பதையும் மாற்றினார் மார்ஸ்டன்.

உரோமப் பேரரசின் வீழ்ச்சியும் விஞ்ஞானக் கதைக்கு வற்றாத ஊற்று. எட்வர்டு கிப்பன் அவ்வீழ்ச்சியின் வரலாற்றை 1776 முதல் 1788 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். அதைப் படித்து மகிழ்ந்த ஐசக் அசிமோவ் என்னும் இளைஞர், உரோமத்தை அப்படியே தூக்கி வானத்து விண்மீன் கூட்டத்தில் வைத்தால் என்ன என்று எண்ணினார். 1942 முதல் வெளிவந்த 'ஃபவுண்டேஷன்' கதைகள் அவ்வாறு பிறந்தன. அவற்றில் பெல் ரியோஸ் என்னும் படைத்தலைவன் வெற்றிமேல் வெற்றி பெறுகிறான். அதனாலேயே பேரரசனின் ஐயத்துக்கு ஆளாகித் திரும்ப அழைக்கப்படுகிறான். ஜஸ்டினியன் காலத்துத் தளபதி பெலிசாரியஸின் பெயரையும் கதியையும் சற்றே மாற்றி வைத்திருக்கிறார் என்பது வரலாற்று மாணவனுக்கு உடனே விளங்கும். வலிமையற்ற பேரரசில் வலிமையுள்ள தளபதிக்கு இடமில்லை என்பது அங்கே கற்கும் அரசியல் பாடம்.

'ஸ்டார் வார்ஸ்' திரைப்படங்களிலும் இவ்வரலாறு உண்டு. 2005-இல் வந்த படத்தில், குடியரசின் தலைவன் பேரவையில் எழுந்து நின்று பேரரசைப் பிரகடனம் செய்கிறான். உறுப்பினர் கைதட்டி வரவேற்கிறார்கள். கி.மு. 27-இல் அகஸ்டஸ் இதனினும் நுட்பமாகச் செய்தார். குடியரசை மீட்டுத் தந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே எல்லா அதிகாரத்தையும் தம்மிடம் வைத்துக்கொண்டார். செனட் சபையைக் கலைக்கவும் இல்லை. திரைப்படத்தைவிட வரலாறு அச்சம் தருவதாக இருப்பது இத்தகைய இடங்களில்தான்.

இறுதியாக, பொய்யைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கதை என்றாலே கற்பனைதானே என்பீர்கள். கற்பனை வேறு, பொய் வேறு. இவ்வேறுபாட்டை நன்கு அறிந்தவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த லூசியன். யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் சமோசட்டா என்னும் ஊரில் பிறந்த சிரியர். கிரேக்க மொழியில் எழுதியவர். அவர் பிறந்த ஊர் இன்று துருக்கியில் ஓர் அணையின் நீருள் மூழ்கிக் கிடக்கிறது. 'உண்மை வரலாறு' என்று பெயரிட்டு அவர் எழுதிய நூலில் ஒரு கப்பல் சுழற்காற்றில் அகப்பட்டு, ஏழு பகலும் ஏழு இரவும் வானில் மிதந்து, எட்டாம் நாள் சந்திரனைச் சேர்கிறது. அங்கே சந்திரவாசிகளுக்கும் சூரியவாசிகளுக்கும் போர். விடிவெள்ளியில் குடியேறும் உரிமை யாருக்கு என்பது வழக்கு. மூன்று தலைக் கழுகின்மேல் ஏறிச் சந்திரனின் படைவீரர் போரிடுகிறார்கள். சந்திரவாசிகளுக்குத் தவளை சுட்ட புகையே உணவு. கண்களைக் கழற்றி வைத்து வேண்டும்போது மாட்டிக்கொள்வார்கள். செல்வர் மெல்லிய கண்ணாடியாலும் வறியவர் வெண்கலத்தாலும் நெய்த ஆடை உடுப்பார்கள். விண்வெளிப் போர்க்கதைகள் எல்லாவற்றுக்கும் மூத்தது இது என்றால் மிகையாகாது.

ஆனால் நூலின் முகப்பிலேயே லூசியன் எச்சரித்துவிடுகிறார். இதில் வருவன யாவும் பொய். நான் பொய் சொல்கிறேன் என்பது ஒன்றே மெய். எவரும் நம்பவேண்டா என்னும் கருத்துப்படக் கூறுகிறார். காணாததைக் கண்டதாகவும் கேளாததைக் கேட்டதாகவும் வரலாறு எழுதியவர்களை நகையாடுவதே அவர் நோக்கம். நூலின் முடிவில், எஞ்சிய பயணத்தை அடுத்த பகுதிகளில் சொல்வேன் என்கிறார். அப்பகுதிகள் வரவே இல்லை. அந்த வாக்குறுதியும் பொய்களுள் ஒன்றாகிவிட்டது!

லூசியனிடம் இருந்த இந்த நேர்மை இக்காலப் படக்கதை எல்லாவற்றிலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. '300' என்னும் படக்கதையை ஃபிராங்க் மில்லர் 1998-இல் வெளியிட்டார். 2006-இல் அது திரைப்படமாயிற்று. கி.மு. 480-இல் தெர்மொப்பிலிக் கணவாயில் பாரசீகப் பெரும்படையை எதிர்த்து ஸ்பார்த்த அரசன் லியோனிடாஸ் மாண்ட வரலாறு அது. மயிர்க்கூச்செறியும் வரலாறுதான், ஐயமில்லை. ஆனால் திரையில் காணும் பாரசீக மன்னன் செர்க்ஸீஸ், உடலெங்கும் வளையம் குத்திய மொட்டைத்தலை இராட்சதன். பெர்ஸெபோலிஸ் சிற்பங்களில் பாரசீக மன்னர்கள் நீண்ட தாடியும் முறையான உடையும் கொண்டு வீற்றிருக்கிறார்கள். ஸ்பார்த்தர் திறந்த மார்போடு போரிடுகிறார்கள். உண்மையில் அவர்கள் வெண்கலக் கவசம் பூண்டவர்கள். தம் முன்னோரை இழிவுபடுத்தியதாக 2007-இல் ஈரான் நாட்டில் எதிர்ப்பு எழுந்தது.

கோலத்தில் செய்த மாற்றங்களைக்கூடப் பொறுக்கலாம். விடுதலைக்காகப் போரிடுகிறோம் என்று அத்திரைப்படத்தில் ஸ்பார்த்தர் முழங்குவதைத்தான் ஆராயாமல் விட இயலாது. அந்நாட்டின் வயல்களை உழுதவர் ஹெலட்டுகள் எனப்பட்ட அடிமைகள். அடுத்த ஆண்டு பிளாட்டியாப் போருக்கு ஸ்பார்த்தர் 5,000 பேர் சென்றபோது உடன் சென்ற ஹெலட்டுகள் 35,000 பேர் என்று ஹெரொடோட்டஸ் கணக்குக் கூறுகிறார், ஒருவருக்கு எழுவர். தெர்மொப்பிலியில் மாண்டவர் உடல்களிடையேயும் ஹெலட்டுகளின் உடல்கள் கிடந்தன என்பதும் அவர் கூற்றே. திரையில் அவர்களுக்கு இடமில்லை.

இடம் பெறாதவர் இன்னும் சிலர் உண்டு. கணவாயின் பின்வழியை எதிரி அறிந்துகொண்டான் என்று தெரிந்ததும், லியோனிடாஸ் துணைப்படைகளுள் பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். போக மறுத்துத் தாமாகவே நின்றவர்கள் தெஸ்பியே என்னும் சிற்றூரைச் சேர்ந்த 700 பேர். ஸ்பார்த்தரைப் போலப் போரையே தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர் அவர்கள். அனைவரும் அங்கேயே மாண்டனர். திரைப்படத்தின் கடைசிப் போரில் ஸ்பார்த்தரைத் தவிர வேறு எவரும் நிற்பதை நாம் காண்பதில்லை.

தெர்மொப்பிலியில் லியோனிடாஸுக்கு 1955-இல் வெண்கலச் சிலையோடு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அதன் அருகிலேயே தெஸ்பியே வீரருக்கும் ஒரு நினைவுச்சின்னம் 1997-இல் எழுந்தது. மில்லரின் படக்கதை வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டில்.